பாபிலோன் 5 ப்ளூ-ரே: ஒன்பது இடம், மூன்று சாதி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கதை மொத்தமும் கீழே வெளியே வரும். பாபிலோன் 5, 1994 முதல் 1998 வரை ஓடிய அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடர்தான், ஆனாலும் இனிமேல்தான் பார்க்கப்போகிறேன், திருப்பம் எதுவும் தெரியக்கூடாது என்பவர்கள் கடைசிப் பத்திக்குப் போய்விடுங்கள். வாங்கலாமா வேண்டாமா என்பது அங்கே இருக்கிறது.

110 அத்தியாயத்தில் என்னைப் பிடித்து உட்கார வைத்தது விண்வெளிச் சண்டை இல்லை, மின்பாரி என்ற வேற்றுக்கிரகத்தாரின் ஆட்சிமுறை. மதத்தார், போர்வீரர், பணியாளர் என்று மூன்று சாதி. ஆள்வது ஒன்பது பேர் கொண்ட கிரே கவுன்சில், சாதிக்கு மூன்று இடம், ஆயிரம் வருடமாக இதுதான் ஏற்பாடு. இரண்டாம் பருவத்தில் மதச் சாதியைச் சேர்ந்த டெலெனை அவையிலிருந்து நீக்கிவிட்டு, அந்த இடத்தில் நெரூன் என்ற போர்வீரனை உட்கார வைக்கிறார்கள். போர்வீரருக்கு நான்கு, பணியாளருக்கு மூன்று, மதத்தாருக்கு இரண்டு. ஒரே ஒரு இடம்தான் கை மாறியது, அங்கிருந்து ஆட்டம் கண்டு நான்காம் பருவத்தில் உள்நாட்டுப் போரே வந்துவிடுகிறது. சண்டைக் காட்சிக்குக் காசு செலவழிக்கும் தொடர்களில் இப்படி இடக்கணக்கை வைத்துக் கதை நகர்த்துவதை நான் அதிகம் பார்த்ததில்லை.

பார்க்கப் பார்க்க எனக்கு இந்தியா ஞாபகம் வரவில்லை, பிரான்ஸ்தான் வந்தது. 175 வருடம் கூட்டாமல் வைத்திருந்த எஸ்டேட்ஸ் ஜெனரல் அவையை 1789 மே மாதம் வெர்சாயில் கூட்டினார்கள் இல்லையா, அங்கேயும் மூன்று பிரிவு (எஸ்டேட் என்றால் இந்தப் பிரிவுதான்): குருமார், பிரபுக்கள், மற்ற எல்லோரும். அந்த ‘மற்ற எல்லோரும்’ ஏறக்குறைய 600 பேர், மற்ற இரண்டு பிரிவிலும் தலா சுமார் 300 பேர்தான். ஆனால் வழக்கப்படி தலைக்கு ஒரு ஓட்டு கிடையாது, பிரிவுக்கு ஒரு ஓட்டு, அப்புறம் 600 பேர் இருந்து என்ன, 6000 பேர் இருந்து என்ன, மேலே இருக்கும் இரண்டு பிரிவும் கைகோத்தால் முடிந்தது. மின்பாரிப் பணியாளர்களின் நிலைமையும் இதேதான், அவையில் இடம் இருக்கிறது, பேச்சு எடுபடுவதில்லை.

இங்கேதான் தொடர் சறுக்குகிறது. போரை நிறுத்த டெலென் தன் உயிரையே பணயம் வைத்து நெருப்புக்குள் போய் நிற்கிறார், நெரூன் அவரை நெருப்பிலிருந்து வெளியே தள்ளிவிட்டு, பிறப்பால் போர்வீரன் என்றாலும் மனதால் தான் மதச் சாதி என்று அறிவித்துச் சாகிறான். (அருமையான காட்சி, மறுப்பதற்கில்லை.) பிறகு டெலென் அவையைத் திருத்தி அமைக்கிறார்: பணியாளருக்கு ஐந்து, மற்ற இருவருக்கும் இரண்டிரண்டு. சரி, நல்ல விஷயம்தான். ஆனால் அந்தப் பணியாளர்கள் எங்கே? கேட்டார்களா, கூடினார்களா, ஒரு வேலைநிறுத்தமாவது செய்தார்களா? ஐந்து பருவம் பார்த்து முடித்த எனக்கு ஒரு பணியாளரின் பெயர்கூட நினைவில் இல்லை. வெர்சாயில் கூடிய மூன்றாம் பிரிவினர் யாராவது கொடுக்கட்டும் என்று காத்திருக்கவில்லை, ஜூன் 17 அன்று நாங்கள்தான் தேசிய சபை என்று அறிவித்தார்கள், மண்டபக் கதவு பூட்டியிருந்ததும் பக்கத்திலிருந்த டென்னிஸ் கூடத்துக்குப் போய் ஜூன் 20 அன்று சத்தியம் செய்தார்கள். அங்கேயும் வரம்பு தாண்டி வந்தவர் உண்டு, சியெஸ் ஒரு பாதிரியார், ஆனால் உட்கார்ந்தது மூன்றாம் பிரிவின் பிரதிநிதியாக. அவர் மற்றவர்களோடு போய் நின்றார், இடத்தைப் பிச்சை போடவில்லை.

இன்னொன்று. நெரூனைப் போல ஒரு வாக்கியத்தில் மாற்றிக்கொள்ள முடியும் என்றால் அதற்குப் பெயர் சாதியா? சாதி வேலைப் பிரிவினை மட்டும் இல்லை, வேலை செய்கிறவர்களையே படிப்படியாகப் பிரித்து வைப்பது என்று அம்பேத்கர் 1936இலேயே எழுதிவிட்டார். யார் வீட்டில் யார் சாப்பிடலாம், யார் யாரைக் கட்டலாம், பிணத்தை யார் தூக்குவது என்ற கேள்விகள்தானே சாதியை நிறுத்தி வைத்திருக்கின்றன, தொடர் அந்தப் பக்கமே போகவில்லை. எழுதியவர்கள் ஐரோப்பிய எஸ்டேட்டுக்குச் சாதி என்று பெயர் வைத்துவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

அந்த 5-2-2 மட்டும் என்னைச் சிரிக்க வைத்தது. சென்னை மாகாணத்தில் முத்தையா முதலியார் அமைச்சராக இருந்தபோது 1928இல் நடைமுறைக்கு வந்த வகுப்புவாரி உத்தரவில், 12 வேலையில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, கிறிஸ்தவர் மற்றும் ஆங்கிலோ இந்தியருக்கு 2, ஒடுக்கப்பட்டோருக்கு 1. கடைசியில் நிற்கும் அந்த ஒன்று மாதிரி ஒரு ஆள் மின்பாரியில் இல்லவே இல்லை, மூன்று சாதிக்கும் வெளியே யாரும் கிடையாது. எவ்வளவு வசதி!

டெலெனாக நடித்த மீரா ஃபுர்லானைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. யூகோஸ்லாவியா உடைந்துகொண்டிருந்த 1991இல் நாட்டை விட்டு வெளியேறியவர், 2021இல் காலமானார். தன் மக்களே இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொள்ளும் காட்சிகளில் அந்த முகத்தைப் பாருங்கள்.

சரி, இனி ப்ளூ-ரே பெட்டி. ஆட்கள் வரும் காட்சிகள் பழைய சதுரமான 4:3 அளவில் பளிச்சென்று இருக்கின்றன, கணினி வரைகலை வரும் இடங்களில் மட்டும் படம் கொஞ்சம் மங்குகிறது, பெரிய திரையில் இன்னும் தெரியும். எனக்கு அனுப்பிய ஆன்லைன் விற்பனையாளர் குமிழி உறைகூடச் சுற்றவில்லை, அட்டைப்பெட்டியின் ஒரு மூலை நசுங்கித்தான் வந்தது, நல்லவேளை வட்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. முதல் பருவம் இழுக்கும், பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டுங்கள். ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன், அந்த ஒன்று பணியாளர்களுக்காகக் குறைத்தது.