வேர்ல்ட் ஆஃப் டேங்க்ஸா, வார் தண்டரா? நான் ஏன் வார் தண்டர் பக்கம் போனேன்

ரெண்டும் ஆன்லைன்ல டேங்க் சண்டை போடற கம்ப்யூட்டர் கேம். முதல்லயே சொல்லிடறேன், நான் வார் தண்டர் ஆளு. பல வருஷம் வேர்ல்ட் ஆஃப் டேங்க்ஸ் ஆடிட்டுத்தான் இந்தப் பக்கம் வந்தேன், அதனால என்கிட்ட நடுநிலை எல்லாம் எதிர்பார்க்காதீங்க. மலேசியாவுல எங்க சிலிம் ரிவர் பசங்க, முக்கியமா தோட்டத்துலேர்ந்து தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) குடிவந்த வீட்டுப் பசங்க, லேப்டாப் வாங்குன கையோட "அண்ணே, ரெண்டுல எத எறக்கறது"ன்னு கேக்கறானுங்க. ஒவ்வொருத்தனுக்கும் வாய்ஸ் மெசேஜ்ல சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது, அதான் எழுதிட்டேன்.

எல்லாருக்கும் தெரிஞ்சத சீக்கிரம் முடிச்சிடுவோம். ரெண்டும் ஃப்ரீ. வேர்ல்ட் ஆஃப் டேங்க்ஸ் பண்ணது வார்கேமிங், பெலாரஸ்ல மின்ஸ்க்ல ஆரம்பிச்ச கம்பெனி, 2010ல ரஷ்யாவுல விட்டு 2011ல மத்த நாட்டுக்கு விட்டாங்க. வார் தண்டர் பண்ணது கைஜின், அதுவும் மாஸ்கோவுல ஆரம்பிச்சது, இப்ப ஆபீஸ் புடாபெஸ்ட்ல. 2012ல பிளேன் கேமா ஓப்பன் பீட்டா (எல்லாரும் ஆடிப் பாக்கற சோதனை வெர்ஷன்) வந்துச்சு, டேங்க் 2014லதான் சேந்துச்சு. கிராஃபிக்ஸ், சவுண்ட் எல்லாம் ரெண்டுலயும் நல்லாத்தான் இருக்கு. சாய்ஞ்ச தகடுல குண்டு சறுக்கறது, டேங்க்க கொஞ்சம் கோணலா நிறுத்துனா கவசம் தடிமனாகறது, இதெல்லாமும் ரெண்டுலயும் உண்டு. சோவியத் டி-34 டேங்க் முன்னாடி தகடு வெறும் 45 மில்லிதான், ஆனா 60 டிகிரி சாய்ச்சு வச்சதால நேரா வர்ற குண்டுக்கு 90 மில்லி மாதிரி நிக்குது. இந்தக் கணக்க எந்த கேம் ஆடுனாலும் ஒரு வாரத்துல கத்துக்குவீங்க.

வித்தியாசம் எங்கன்னா, குண்டு தகட்ட தாண்டி உள்ள போனதுக்கு அப்புறம்.

வேர்ல்ட் ஆஃப் டேங்க்ஸ்ல ஒவ்வொரு டேங்குக்கும் ஒரு உயிர்க்கணக்கு இருக்கும், குண்டு தொளைச்சா அதுலேர்ந்து இத்தனைன்னு கழியும், சைபர் ஆனா செத்துட்டீங்க. ஆளுக்கு அடிபடும், எஞ்சின் எரியும், எப்பயாச்சும் குண்டு அடுக்கி வச்ச எடம் வெடிச்சு ஒரே அடியில டரெட் (மேல சுத்தற பீரங்கிக் கூண்டு) பறக்கும், இல்லன்னு சொல்லல. ஆனா முக்கால்வாசி நேரம் அது கழித்தல் கணக்குதான். முழு உயிரோட இருக்கற பெரிய டேங்க் முதுகுல நீங்க எவ்வளவு அழகா அடிச்சாலும் அவன் திரும்பி உங்கள பாத்து சுடுவான்.

வார் தண்டர்ல அந்தக் கணக்கே கெடையாது. குண்டு உள்ள போச்சுன்னா சில்லு சில்லா தெறிச்சு யார் மேல படுது, எது மேல படுதுன்னுதான் பாக்கும். அடிச்ச உடனே ஓரத்துல ஒரு சின்ன படம் வந்து குண்டு போன பாதைய காட்டும், டிரைவர் போனானா, கன்னர் (பீரங்கி சுடறவன்) போனானா, பீரங்கியோட பின்பக்கம் ஒடஞ்சிச்சா எல்லாம் தெரியும். ஒரு ஆள்தான் மிச்சம்னா டேங்க் காலி. ஹேங்கர்ல (சண்டைக்கு முன்னாடி டேங்க் நிக்கற ஸ்கிரீன்) எக்ஸ்ரே பட்டன அமுக்குனா எந்த டேங்கா இருந்தாலும் தோல உரிச்ச மாதிரி உள்ள இருக்கறத காட்டும், யார் எங்க உக்காந்திருக்கான், டீசல் எங்க, குண்டு எங்க. நான் சண்டை போடறத விட்டுட்டு இத பாத்துக்கிட்டே உக்காந்த ராத்திரியும் உண்டு.

நம்ம ஊர் கதையவே எடுத்துக்கங்க. 1942 ஜனவரி 7 விடியக்காலையில ஜப்பான்காரன் டேங்க் டுரோலாக் பக்கத்துலேர்ந்து பழைய டிரங்க் ரோட்ல எறங்கி, ரோட்ட மறிச்சு நின்ன இந்திய, ஸ்காட்டிஷ் பட்டாளத்த ஒன்னொன்னா ஒடச்சிக்கிட்டு, அன்னிக்குக் காலையிலேயே சிலிம் ஆத்துப் பாலத்தையும் புடிச்சிட்டான். முன்னாடி வழி அடைச்சிருந்த எடத்துல, ரோட்ட நேராக்குனப்ப கைவிட்ட பழைய வளைவுங்க ரப்பர் காட்டுக்குள்ள கெடந்துச்சே, அது வழியா சுத்தி வந்தான். பிரிட்டிஷ்காரன் கிட்ட அப்ப மலாயாவுல திருப்பி விட ஒரு டேங்க்கூட இல்ல. ஜப்பான்காரன் கொண்டு வந்தது டைப் 97 சி-ஹா டேங்கும் டைப் 95 ஹா-கோ டேங்கும். பள்ளிக்கூடத்துல இந்தக் கதைய கேக்கறப்ப என்னமோ பெரிய இரும்பு ராட்சசன்னு நெனச்சிருந்தேன்.

வார் தண்டர்ல ஜப்பான் எடுத்தா ஆரம்பத்துலயே கையில குடுக்கறதுல ஹா-கோவும் ஒன்னு. எக்ஸ்ரே போட்டுப் பாருங்க. ஏழரை டன்னுக்கும் கொறைவு, தகடு தடிமனான எடத்துலயே 12 மில்லி, உள்ள மூணே பேரு. டரெட்ல ஒத்த ஆளு, அவன்தான் கமாண்டர், அவன்தான் 37 மில்லி பீரங்கிக்கு குண்டு போடணும், அவன்தான் குறி பாத்து சுடணும், நடுவுல வெளிய என்ன நடக்குதுன்னும் பாக்கணும். பத்து நிமிஷம் ஆடுனா போதும், ஒரு மெஷின் கன் பக்கவாட்டுல பொழிஞ்சா மூணுல ரெண்டு பேர் போயி டேங்க் அப்படியே நிக்கும். அப்பதான் வெளங்கும், அன்னிக்கு ஜெயிச்சது தகடு இல்ல, எதுக்க டேங்க் இல்லாததும், இருட்டும், வந்த வேகமும்தான். வேர்ல்ட் ஆஃப் டேங்க்ஸ்லயும் ஹா-கோ இருக்கு, ரெண்டாவது டயர்ல (அதாவது ரெண்டாவது படியில). ஆனா அங்க அது கொஞ்சம் உயிர் உள்ள ஒரு குட்டி டேங்க், மூணு பேர்ன்றது பெருசா தெரியாது.

இன்னொரு உதாரணம், நம்ம ராணுவத்தோட பெண்டேக்கார் டேங்க். பிடி-91எம், போலந்துக்காரன் கட்டுனது, 2003ல ஆர்டர் குடுத்து மொத்தம் 48 வாங்குனோம். அதோட மூலம் டி-72எம்1. வேர்ல்ட் ஆஃப் டேங்க்ஸ் பிசி ஆட்டத்துல இந்தக் குடும்பத்து பக்கமே போக மாட்டாங்க, அதுக்கு முந்தின தலைமுறையோட நின்னுக்குவாங்க. வார் தண்டர்ல டி-72எம்1 ஜெர்மன் வரிசையில இருக்கு, கிழக்கு ஜெர்மனி வச்சிருந்ததால. எக்ஸ்ரே போட்டா டரெட்டுக்கு அடியில தரையில வட்டமா 22 குண்டு, மெஷின் தானா எடுத்து பீரங்கியில போடும். அதனால லோடர் (குண்டு போடற ஆள்) தேவையில்ல, மூணு பேர் போதும், டேங்க் குள்ளமாவும் லேசாவும் வந்துடுச்சு. ஆனா கேஸ் தோம்பு மேல நாற்காலி போட்டு உக்காந்த மாதிரிதான் கமாண்டரும் கன்னரும் இருக்காங்க, அந்த வட்டத்துல பட்டா முடிஞ்சது. அதுக்கு எதிர்ப்பக்கம் ஜெர்மன்காரனோட லெப்பர்ட் 2, மொத்தம் 42 குண்டுல 15 டரெட்டுக்குப் பின்னாடி தனி அறையில, வெடிச்சா மேல்மூடி பிச்சிக்கிட்டு நெருப்பு வெளிய போயிடும். மீதி 27 டிரைவர் பக்கத்துல. அதனால விவரம் தெரிஞ்சவன் லெப்பர்ட்ல டரெட் குண்ட மட்டும் ஏத்திக்கிட்டு போவான், டி-72ல 22க்கு மேல ஏத்த மாட்டான். கேம்ல ஜெயிக்க டேங்க் டிசைனே தெரிஞ்சிருக்கணும்ன்ற நெலமை, எனக்கு அதுதான் முடிவு பண்ண காரணம், மத்ததெல்லாம் அப்புறம்தான்.

பேர் விஷயமும் இதோட ஒட்டிக்கிட்டே வரும். அமெரிக்காக்காரன் பேர் வைக்கறதுல ரொம்ப கஞ்சன், எம் போட்டு ஒரு நம்பர். எம்3னா லீ மீடியம் டேங்கும் எம்3, ஸ்டூவர்ட் லைட் டேங்கும் எம்3, பின்பக்கம் செயின் வச்ச ஹாஃப்-டிராக்கும் எம்3. லீ, கிராண்ட், ஸ்டூவர்ட், ஷெர்மன்னு அமெரிக்க உள்நாட்டுப் போர் ஜெனரலுங்க பேர வச்சதே பிரிட்டிஷ்காரன். அவன் தன்னோட டேங்குக்கு சி எழுத்துல வச்சான், குரூசேடர், கிராம்வெல், காமெட், செஞ்சூரியன், சீஃப்டன், சேலஞ்சர். ஓடற பீரங்கி வண்டிக்கு பிஷப், பிரீஸ்ட், செக்ஸ்டன்னு சர்ச் ஆளுங்க பேரு, இதுக்கு மட்டும் எனக்கு இன்னும் சிரிப்பு வரும். ஜப்பான்காரன் டைப் 95ங்கறது அவங்க ராஜ வருஷம் 2595, அதாவது 1935.

அமெரிக்க ஷெர்மன் எடுத்துக்கங்க. எம்4ஏ1, ஏ2, ஏ3ன்னு பாத்தா ஒன்னவிட ஒன்னு புதுசுன்னு தோணும், அப்படி இல்ல. ஏ1னா பாடி மொத்தமா வார்ப்பு, ஏ2னா ரெட்டை டீசல் எஞ்சின், ஏ3னா ஃபோர்டு வி8 பெட்ரோல், ஒரே நேரத்துல வேற வேற தொழிற்சாலையில ஓடுனது. கடைசியில டபிள்யூன்னு ஒரு எழுத்து வரும் பாருங்க, எம்4ஏ3 (76) டபிள்யூ, அதுதான் முக்கியம். குண்ட பக்கவாட்டுலேர்ந்து எடுத்து கீழ தரைக்கு எறக்கி, சுத்தி தண்ணி கலவை வச்ச பெட்டியில அடுக்கியிருக்காங்கன்னு அர்த்தம். பழைய ஷெர்மன் அடிபட்டா 60லேர்ந்து 80 சதவீதம் வரைக்கும் எரிஞ்சிருக்கு, இத மாத்துனதும் 10, 15 சதவீதத்துக்கு எறங்கிடுச்சுன்னு 1945ல அமெரிக்க ராணுவமே கணக்கு எடுத்துச்சு. வார் தண்டர்ல இந்த ஷெர்மனெல்லாம் தனித்தனி வண்டி, எதிரி பேரு திரையில தெரிஞ்சதும் எங்க அடிக்கணும்னு மாத்தி யோசிப்பீங்க. ஜெர்மன் பாந்தரும் அப்படித்தான், டி, ஏ, ஜி தனித்தனி (ஆமா, டி தான் முதல்ல வந்துச்சு, ஏ அப்புறம், ஜெர்மன்காரன் கிட்ட போய் கேளுங்க). வேர்ல்ட் ஆஃப் டேங்க்ஸ்ல பெரும்பாலும் ஒரே வண்டிக்கு டரெட்டும் பீரங்கியும் மாத்திக்கிட்டு போவாங்க, கைக்கு சுகமாத்தான் இருக்கும், ஆனா எந்த மாடல் எதுக்கு வந்துச்சுன்னு புரியாது.

வேர்ல்ட் ஆஃப் டேங்க்ஸ்ல காகிதத்துல மட்டும் இருந்த டேங்கும் நெறைய. ஈ-100னு பத்தாவது டயர்ல ராஜா மாதிரி சுத்துதே, நெசத்துல ஜெர்மன்காரன் ஒரே ஒரு பாடிய அரைகுறையா கட்டுனதோட சரி, டரெட்டே வரல. வார் தண்டர்லயும் பாந்தர் 2 மாதிரி ஒன்னு ரெண்டு இருந்துச்சு, 2019ல புதுசா எடுக்க முடியாதபடி தூக்கிட்டாங்க. வார் தண்டர் ஆடறவனுங்களோட வெறி எவ்வளவுன்னா, 2021ல பிரிட்டிஷ் சேலஞ்சர் 2 டேங்க தப்பா பண்ணியிருக்கீங்கன்னு நிரூபிக்க ஒருத்தர் ரகசிய ராணுவ பேப்பரையே போட்டு, கம்பெனி அழிக்க வேண்டியதாப் போச்சு. அந்த அளவுக்கு நீங்க போக வேணாம்.

சரி, பராமரிப்பு. இங்க வார் தண்டர் அடி வாங்கும். ஒவ்வொரு தடவ செத்தாலும் ரிப்பேர் காசு சில்வர் லயன்ல (கேமுக்குள்ள இருக்கற காசு) போகும், புது வண்டி எடுத்தா நல்ல குண்டும் நல்ல பார்ட்ஸும் திறக்கற வரைக்கும் மொட்டையா ஆடணும், மேல போகப் போக மாசக்கணக்கா இழுக்கும். 2023 மே மாசம் ஸ்டீம்ல (கேம் எறக்கற தளம்) ஆளுங்க கூட்டமா நெகட்டிவ் ரிவ்யூ குத்துனதுக்கு இதுதான் காரணம், அப்புறம் கைஜின் எறங்கி வந்து நெறைய மாத்துனாங்க, இப்ப பரவால்ல. மேல் ரேங்க் பிரீமியம் டேங்க் (நெசக் காசு குடுத்து வாங்கறது) ஒன்னு 60, 70 அமெரிக்க டாலர், நம்ம காசுல 250 வெள்ளி கிட்ட, எங்க ஊருல அது ஒரு வீட்டு மளிகை. வாங்காதீங்க. வாங்கித் தள்ளி நேரா மேல போனா வெளாட்டும் தெரியாது, காசும் போச்சு. ஈவென்ட்ல ஜெயிக்கற சில வண்டிய கைஜின் மார்க்கெட்ல விக்கலாம், ஆனா அந்தக் காசு கேமுக்குள்ளயே சுத்தும், கையில வராது. வேர்ல்ட் ஆஃப் டேங்க்ஸும் ஒன்னும் தர்மசத்திரம் இல்ல, எட்டாவது டயர் தாண்டுனா காசு கட்டி எடுக்கற பிரீமியம் அக்கவுண்ட் இல்லாம கிரெடிட் (அந்த கேம் காசு) சேர்றது கஷ்டம், அதுக்கு மேல உள்ள என்ன வரும்னு தெரியாம காசு குடுத்து வாங்கற வருஷக்கடைசி பெட்டி வியாபாரம் வேற.

வேர்ல்ட் ஆஃப் டேங்க்ஸ் யாருக்குன்னா, மில்லுல ஷிப்ட் முடிச்சு வந்து அரை மணி நேரம்தான் இருக்குன்றவனுக்கு. ஒரு சண்டை 15 நிமிஷத்துக்கு மேல போகாது, செத்தா வெளிய வந்து அடுத்த டேங்க் எடுத்துக்கலாம், தலைக்கு மேல பிளேன் வந்து குண்டு போடாது. எதிரிய கண்டுபுடிச்சதும் கோடு போட்டு காட்டும், பழைய மங்கல் ஸ்கிரீன்ல இது பெரிய உதவி. வார் தண்டர் ரியலிஸ்டிக் மோட்ல எதிரிக்கு அடையாளமே காட்டாது, புதருக்குள்ள நீங்களே தேடணும். மழை பெஞ்சா லைன் ஆடற நம்ம ஊருல ஒரு சண்டைய இருபது நிமிஷத்துக்கு மேல இழுக்கறதும் ஒரு ரிஸ்க்குதான்.

போன் மட்டும்தான்னா வேர்ல்ட் ஆஃப் டேங்க்ஸோட போன் வெர்ஷன் பிளிட்ஸ், ஏழு பேருக்கு ஏழு பேர், சட்டுனு முடியும். வார் தண்டர் மொபைல் நான் கொஞ்சம்தான் தொட்டிருக்கேன், அதனால அது மேல என் தீர்ப்ப நம்பாதீங்க. சிமுலேட்டர் மோடும் அப்படித்தான், கப்பல் பக்கம் போனதே இல்ல.

வார் தண்டர எறக்கறதுன்னு முடிவு பண்ணிட்டா ஆர்கேட் மோட்ல ஆரம்பிங்க, அதுல குண்டு தொளைக்குமா தொளைக்காதான்னு குறியே பச்சை, சிவப்புல காட்டும். ஊர்ப் பாசத்துல ஜப்பான் எடுத்துடாதீங்க, 12 மில்லி தகட்டுல முதல் வாரமே வெறுத்துப்போகும். சோவியத் இல்லன்னா அமெரிக்கா எடுங்க, குண்டு முழுசா ஏத்தாதீங்க, ஒவ்வொரு புது வண்டிக்கும் சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி அந்த எக்ஸ்ரே பட்டன அமுக்கிப் பாத்துட்டுப் போங்க.