ரப்பர் லேண்டிங் நெட்: பெரிய மீனை விடுபவர்களுக்கு மட்டும்

தூண்டிலில் மாட்டிய மீனை அள்ளி எடுக்கும் கைவலைதான் லேண்டிங் நெட். பிடித்ததையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு ரப்பரில் செய்த இந்த நெட் தேவையே இல்லை, சாதாரண நைலான் வலை போதும். பெரிய மீனைத் திரும்பத் தண்ணீரில் விட நினைப்பவர்கள் மட்டும் தூண்டில் ராடு, நூல் சுற்றும் ரீலுக்கு அடுத்தபடியாக இதை வாங்கிவிடுங்கள்.

முடிச்சுப் போட்ட நைலானில் பெரிய மீன் நாலு துள்ளு துள்ளினால் செதில் உதிரும், துடுப்பு கிழியும், பூஞ்சையும் கிருமியும் அண்டாமல் காக்கிற மேல் வழவழப்பும் வழித்துக்கொண்டு போய்விடும். அப்படிப்பட்ட மீன் நன்றாக நீந்திப் போவது போலத் தெரிந்தாலும் சில நாளில் செத்துப்போகலாம். முடிச்சில்லாத ரப்பர் வலையில் இந்தச் சேதம் நன்றாகவே குறைகிறது. ட்ரெபிள் ஹூக்கும் (மூன்று முனையுள்ள தூண்டில் முள்) அதிகம் சிக்குவதில்லை, அதனால் வலையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளைக் கழற்றிவிடலாம், மீனைக் காற்றில் தூக்கவே வேண்டாம்.

குறை என்றால் கனம்தான். நீரோட்டத்தில் வேகமாக அசைக்க முடியாது, கை வலிக்கிறது. நீட்டுகிற கைப்பிடியின் பிளாஸ்டிக் பூட்டும் எனக்குத் திருப்தியில்லை, பெரிய மீன் உள்ளே இருக்கும்போது லேசாகச் சுழல்கிறது, வளையத்தைப் பிடித்துக்கொண்டுதான் சமாளிக்க வேண்டும்.

சரி, பெரிய மீனை ஏன் விட வேண்டும்? "அது வாழ்ந்து முடித்த மீன், சின்னதை விட்டால் வளரும்" என்கிறார்கள். சின்னதை விடுவது சரி, முதல் பாதிதான் தப்பு. 2018இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு 342 வகைக் கடல்மீன்களை எடுத்துப் பார்த்தது. 30 கிலோ அட்லாண்டிக் காட் ஒன்று இடும் முட்டைக்கு ஈடுகட்ட 2 கிலோ எடையுள்ள 28 காட் மீன்கள் வேண்டுமாம், அதாவது 56 கிலோ மீன்! கொடுவா ஆணாக இருந்து வளர்ந்தபின் பெண்ணாக மாறும் மீன், ஆக உங்கள் வலையில் கிடக்கும் பெரிய கொடுவா பெரும்பாலும் தாய் மீன். பல களவா வகைகளில் இது தலைகீழ், பெரியவைதான் ஆண், அவற்றையே பொறுக்கி எடுத்தால் சினைக்கு ஆண் கிடைக்காது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பொதுவாக 58 முதல் 120 செ.மீ. வரையுள்ள கொடுவாவை மட்டுமே எடுக்கலாம், மேலேயும் ஒரு வரம்பு வைத்தது எனக்கு ரொம்பச் சரியாகப் படுகிறது. சாப்பிடவும் நடுத்தர மீனே மேல், வேட்டையாடும் பெரிய மீன்களில் பாதரசம் கூடுதலாகச் சேர்ந்திருக்கும்.

ஆனால் எந்த நெட்டும் எல்லா மீனையும் காப்பாற்றாது. முள்ளை விழுங்கிச் செவுளில் ரத்தம் கொட்டுகிற மீனை, சட்டம் அனுமதித்தால், வைத்துக்கொள்ளுங்கள், அதை விடுவதில் பலனில்லை. (முனை உள்பக்கமாக வளைந்த சர்க்கிள் ஹூக் போட்டால் பெரும்பாலும் வாயோரத்தில்தான் மாட்டும்.) ஆழத்திலிருந்து ஏற்றிய மீன் காற்றுப்பை உப்பி மிதக்கும், அதற்கு எடை கட்டிக் கீழே இறக்கிவிடும் கருவி வேண்டும். தண்ணீர் சூடாக இருக்கும் நாளில் ஆக்சிஜன் குறைவு, போராடிக் களைத்த மீன் தேறுவது கஷ்டம், அன்றைக்குப் பெரிய மீனைக் குறிவைக்காமல் இருப்பதே நல்லது.

வாங்குவதானால் அடிப்பகுதி தட்டையாக இருப்பதைப் பாருங்கள், ஆழமான பை போலத் தொங்கினால் மீன் அதில் மடங்கிவிடும். வளையம் நீங்கள் எதிர்பார்க்கும் மீனைவிடப் பெரிதாகவே இருக்கட்டும், அப்புறம் முள்ளைக் கழற்ற நீளமூக்குக் குறடு ஒன்றையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.