வெப்ளி, லூகர், கோல்ட்: பழைய இராணுவக் கைத்துப்பாக்கிகளில் எது நின்றது, ஏன்?

உவர்மலையிலுள்ள இராணுவ அருங்காட்சியகத்துக்குப் போய்வரும் பெடியளுக்கு இப்போது கைத்துப்பாக்கிகளின் பெயரெல்லாம் தண்ணீர்பட்ட பாடு. வீடியோ கேமில் பழகிய பெயர்கள். லூகர்தான் அழகு என்பான் ஒருவன். கோல்ட் 1911-இன் ரவை பெரிது என்பான் மற்றவன். இன்னொருவன் வெப்ளியை விட்டுக்கொடுக்க மாட்டான். பழுதானால் யார் திருத்துவது என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

படகு என்ஜின் திருத்துவது என் தொழில். உப்புக் காற்றடிக்கும் ஊரில் ஒரு இயந்திரத்தை எடைபோடும்போது அதன் வேகத்தை நான் முதலில் பார்ப்பதில்லை. கழற்றினால் திரும்பப் பூட்ட முடியுமா, இன்னொன்றின் சாமான் இதற்குப் பொருந்துமா என்றுதான் பார்ப்பேன். இந்த அலசலிலும் அதே அளவுகோல்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருகோணமலையில் நாற்பது வயது தாண்டியவர்களுக்குத் துப்பாக்கி என்றால் வீட்டுக்குள் ஒரு இழப்பு நினைவுக்கு வரும். அதனால் சாகசக் கதையாக இதை எழுத எனக்கு மனம் வராது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது இந்நாட்டில் குற்றம். எனக்குத் தெரிந்தவை பழைய கையேடுகளிலும் வெட்டுமுக வரைபடங்களிலும் கற்றவை.

இங்கே பேசப்போகும் துப்பாக்கிகளில் மூன்று எங்கள் துறைமுகத்துக்கு அந்நியமும் இல்லை. பிரித்தானியக் கடற்படை 1957 வரை இங்கே இருந்தது, அவர்களுடையது வெப்ளி. 1942 ஏப்ரல் 9-ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் குண்டுவீசித் தாக்கின. அதே நாளில் ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. அந்த ஜப்பானியப் படைகளின் கைத்துப்பாக்கி நாம்பு. 1944-இல் அமெரிக்காவின் சரட்டோகா என்ற விமானந்தாங்கிக் கப்பல் பிரித்தானியாவின் கிழக்குக் கடற்படையோடு சேர்ந்து, இங்கிருந்து புறப்பட்டுப்போய் சுமத்திராவின் சபாங்கைத் தாக்கியது. அமெரிக்கக் கடற்படைக்கு அப்போது .45 கோல்ட் (.45 என்பது ரவையின் விட்டம், சுமாராக அங்குலத்தில்). லூகர் மட்டும் சற்றுத் தூரம். ஆனாலும் 1914-இல் சென்னைமேல் குண்டு போட்ட எம்டனை மறந்த தமிழர் உண்டா? அந்த ஜேர்மன் கடற்படை 1904-இலேயே லூகரை ஏற்றுக்கொண்டிருந்தது.

வெப்ளியிலிருந்து தொடங்குகிறேன். பர்மிங்காமில் பிறந்த இந்தச் சுழல் துப்பாக்கியைப் பிரித்தானியா ஏற்றுக்கொண்டது 1887-இல். எல்லாரும் படத்தில் பார்க்கும் ஆறாம் மாதிரி 1915-இல் வந்தது. .455 ரவை, ஆறு சூடு, ஒரு கிலோவுக்குச் சற்று மேல் எடை. 17 கிராம் ஈயம் விநாடிக்கு 190 மீற்றர் அளவில்தான் போகும். கனமான, மெதுவான ரவை. இதன் அழகு கீலில் இருக்கிறது. பெருவிரலால் பக்கத்து நெம்பை அழுத்திக் குழலைக் கீழே மடித்தால், துப்பாக்கி நடுவில் இரண்டாகத் திறக்கும். உருளையின் நடுவிலிருந்து நட்சத்திர வடிவத் தட்டு ஒன்று எழும்பி, ஆறு வெற்றுக் கோதுகளையும் ஒரே தள்ளில் வெளியே கொட்டும். உள்ளே என்ன இருக்கிறது, எங்கே சேறு பிடித்திருக்கிறது என்பதெல்லாம் ஒரு பார்வையில் தெரிந்துவிடும். பிரான்சின் பதுங்குகுழிச் சேற்றில் இது பேர் வாங்கியதற்கு அதுதான் காரணம். ஒரு ரவை வெடிக்காவிட்டால் விசையை மறுபடி இழுத்தால் போதும், அடுத்தது வந்து நிற்கும்.

பிடியின் அடியில் ஒரு வளையமும் உண்டு, கயிறு கட்ட. கடலில் வேலை செய்பவனுக்கு அந்த வளையத்தின் அருமை தெரியும்.

பிரித்தானியக் கடற்படை ரிவோல்வரோடு நின்றுவிடவும் இல்லை. முதல் உலகப் போருக்குச் சற்று முன்னர், தானே ரவை ஏற்றும் .455 வெப்ளி அன்ட் ஸ்கொட் பிஸ்டலை எடுத்துப் பார்த்தது. பாரமான, சதுரமான சாமான். ரிவோல்வரை அதனால் அசைக்க முடியவில்லை. 1932-இல் இராணுவம் .38-க்கு இறங்கியது. சிறிய ரவையென்றால் புதிய சிப்பாயைப் பழக்குவது சுலபம். 1963-இல் .38 வெப்ளிகளும் சேவையிலிருந்து விலகின. அத்தோடு அந்தக் குடும்பம் அழிந்துவிடவில்லை. இந்தியாவில் கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை செய்யும் .32 ரிவோல்வர் வெப்ளியின் வாரிசுதான். அதே கீல், அதே திறப்பு.

கோல்ட்டுக்குப் போகுமுன் ஒன்று. வெப்ளிக்கும் கோல்ட்டுக்கும் ஏன் இத்தனை பெரிய ரவை? ஐரோப்பியச் சிப்பாயை மட்டும் நினைத்து அது தீர்மானமாகவில்லை. காலனி நாடுகளில் தம் மண்ணை விட்டுக்கொடுக்காமல் பாய்ந்து வந்த மனிதர்களை நிறுத்துவதற்காகவே பெரிய ரவை வேண்டுமென்று அதிகாரிகள் வாதாடினார்கள். பிரித்தானியா 1898-இல் வெப்ளிக்கென்று முனை குழிந்த ரவை ஒன்றையே கொண்டுவந்தது. ஆளை நிறுத்துவது என்பதே அதன் பெயர். மறு ஆண்டு ஹேக் மாநாடு உடலுக்குள் விரியும் ரவைகளைத் தடைசெய்த பின்னர் அது விலக்கப்பட்டது. அமெரிக்கர்களுக்குப் பிலிப்பைன்ஸ். அங்கே மோரோ மக்கள் .38 ரவை பட்டும் நிற்காமல் வந்தார்கள் என்ற முறைப்பாடுதான் 1904-இன் தொம்சன்-லகார்ட் சோதனைகளுக்கும், .45-க்குக் குறையக்கூடாது என்ற முடிவுக்கும் வழிவிட்டது. நம்மை ஆண்டவர்கள் கோட்டை கட்டிய ஊரில் வாழ்கிற நாம் இந்தப் பக்கத்தைத் தாண்டிப்போய்ப் பொறிமுறையை மட்டும் மெச்சுவது சரியில்லை.

இனி 1911. யூட்டா மாநிலத்தின் ஒக்டன் ஊர்க்காரரான ஜோன் மோசஸ் பிரவுனிங் வடிவமைத்தது; கோல்ட் நிறுவனம் செய்தது. இராணுவப் போட்டியில் கடைசியில் எஞ்சிய எதிராளி சவேஜ். 1911 மார்ச்சில் இரண்டையும் ஆளுக்கு 6,000 ரவை சுடவைத்தார்கள். சூடேறிப் பிடிக்க முடியாமல் போனால் தண்ணீரில் முக்கி எடுத்து மறுபடி சுட்டார்கள். சவேஜ் 37 தடவை தடக்கியது. கோல்ட் ஒரு தடவைகூடத் தடக்கவில்லை. மார்ச் 29-ஆம் திகதி அது அமெரிக்க இராணுவத்தின் துப்பாக்கியானது.

ரவைக்கூட்டில் ஏழு. எடை 1.1 கிலோ. ரவை வெடித்ததும் குழலும் மேலேயுள்ள ஸ்லைடும் கொஞ்சத் தூரம் ஒன்றாகப் பின்வாங்கும். குழலுக்கு அடியில் சின்ன இணைப்புத் துண்டு ஒன்று, மேலும் கீழும் ஊசி கோத்தது. அது குழலின் பின்பக்கத்தைக் கீழே இழுத்துவிடும். அந்தக் கணத்தில் பூட்டு விடுபட, ஸ்லைட் தனியே பின்னால் போய்க் கோதை வெளியே எறிந்துவிட்டு, ஸ்பிரிங்கின் தள்ளலில் அடுத்த ரவையோடு திரும்பி வரும். வரைபடத்தில் முதன்முதல் பார்த்தபோது அந்தத் துண்டின் எளிமை என்னை நிறையநேரம் இருத்திவைத்தது. முழுத் துப்பாக்கியிலும் திருகாணி என்று இருப்பது பிடியின் இரண்டு பக்கப் பலகைகளுக்கு மட்டும். மற்றதெல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும் துண்டுகள். துப்பாக்கியின் ஒரு துண்டையே கருவியாகப் பிடித்து மற்றத் துண்டைக் கழற்றலாம்.

போர்க்களத்தில் இதன் பெயர் பரவியதற்கு அல்வின் யோர்க் என்ற அமெரிக்கப் படைவீரரின் கதையும் ஒரு காரணம். 1918 ஒக்டோபர் 8, பிரான்சின் ஆர்கோன் காடு. ஆறு ஜேர்மானியர் துப்பாக்கி முனைக் கத்தியோடு அவரை நோக்கி ஓடிவந்தார்கள். யோர்க் மலைநாட்டு வேட்டைக்காரர். முன்னால் வருபவனை விட்டுவிட்டு, ஆகப் பின்னால் வந்தவனிலிருந்து .45-ஆல் சுட்டுக்கொண்டு வந்தார். முன்னால் வந்தவர்களுக்குத் தங்கள் பின்னால் ஆள் குறைவது தெரியவில்லை.

ஆனால் என் அளவுகோலுக்கு இரண்டாம் உலகப் போர்தான் முக்கியம். 1926-இல் சிறு திருத்தங்களோடு ஏ1 என்ற பெயர் வந்தது. போர்க்காலத்தில் சுமார் 19 இலட்சம் செய்தார்கள். செய்தவர்களைப் பாருங்கள்: ஆக அதிகம் செய்தது ரெமிங்டன் ராண்ட், தட்டச்சு இயந்திரக் கம்பனி. யூனியன் ஸ்விட்ச் அன்ட் சிக்னல், ரயில் சமிக்ஞைக் கம்பனி. எங்கள் அம்மாமாரின் தையல் மெஷினில் பெயர் பொறித்திருக்கிற சிங்கர் கம்பனியும் 500 செய்து கொடுத்தது. எந்தத் தொழிற்சாலைச் சாமானும் மற்றத் தொழிற்சாலைச் சாமானோடு பொருந்த வேண்டும் என்பது நிபந்தனை. திருத்தத்துக்கு வந்த துப்பாக்கிகளைப் படைப் பட்டறைகளில் மொத்தமாகக் கழற்றி, கைக்கு வந்த துண்டுகளை வைத்துப் பூட்டி அனுப்பினார்கள். கோல்ட் உடலில் ரெமிங்டன் ஸ்லைட் இருப்பது அப்படித்தான். சேகரிப்பவர்கள் இதைக் குறை என்பார்கள். எனக்கோ ஒரு இயந்திரத்துக்கு இதைவிடப் பெரிய பாராட்டு இல்லை.

லூகரை இதற்குப் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். ஜோர்ஜ் லூகரின் துப்பாக்கியை 1900-இல் சுவிற்சர்லாந்தும் 1908-இல் ஜேர்மன் இராணுவமும் ஏற்றன. பிடியின் சாய்வு கையோடு ஒட்டிக்கொள்ளும். சுட்டதும் மேலேயுள்ள மூட்டு முழங்கால் மடிவதுபோல் மடிந்து எழும். உலகம் முழுவதும் இன்றும் ஓடுகிற 9 மில்லிமீற்றர் பரபெலம் ரவை இதற்காகப் பிறந்தது. அந்த ஒன்றுக்காகவே வரலாற்றில் லூகருக்கு இடமுண்டு. ஆனால் அதன் சின்னச் சின்னத் துண்டுகளில்கூடத் தொடரிலக்கத்தின் கடைசி இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும், அந்தத் துண்டு அந்தத் துப்பாக்கிக்கே உரியது என்று. கையால் ராவிப் பொருத்திய வேலை. அழகுதான், ஆனால் செலவு கூட; ரவையின் பலம் கொஞ்சம் குறைந்தால் மூட்டு முழுதாக மடியாது. 1938-இல் வால்தர் பி38-ஐ அதன் இடத்துக்கு ஜேர்மானியரே கொண்டுவந்தார்கள்.

நாம்பு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1925-இன் 14-ஆம் வகை, எட்டு ரவை, வலுக்குறைந்த 8 மில்லிமீற்றர். தூரத்திலிருந்து பார்த்தால் லூகரின் சாயல் தெரியும். உள்ளே பொறிமுறை முற்றிலும் வேறு.

1911-க்கு உண்மையான போட்டி பிரவுனிங்கின் சொந்தக் கையிலிருந்தே வந்தது. பழைய உரிமைகளைக் கோல்ட்டுக்கு விற்றுவிட்டதால் அவர் அவற்றைத் தவிர்த்துப் புதிதாக யோசிக்க வேண்டியிருந்தது. 1926-இல் பெல்ஜியத்தின் லியேஜில் வேலைக்கிடையிலேயே இறந்துபோனார். மீதியை டியூடோனே சைவ் முடித்தார். 1935-இல் ஹை-பவர் வந்தது: 9 மில்லிமீற்றர், ரவைக்கூட்டில் 13. இரண்டாம் உலகப் போரில் இரண்டு பக்கமும் இதை வைத்திருந்தது. லியேஜ் தொழிற்சாலை ஜேர்மானியர் கையில், ரொறன்ரோவின் இங்கிலிஸ் தொழிற்சாலை நேச நாடுகளுக்கு. பிரித்தானியா 1954-இல் வெப்ளி வம்சத்தின் இடத்துக்கு இதை எடுத்து, 2013-இல் குளொக் வரும்வரை வைத்திருந்தது.

படைக்கு எது நல்லது என்று கேட்டால் ஹை-பவர்தான் என்பேன். ரவை ஏறக்குறைய இரட்டிப்பு, உதைப்பு குறைவு. 1911-இன் இணைப்புத் துண்டுக்குப் பதிலாகக் குழலின் அடியிலேயே வெட்டிய சரிவு ஒன்று குழலை இறக்குகிறது. கழன்று விழவோ முறியவோ தனித் துண்டு இல்லை. இன்றைய குளொக்கும் சிக் சாவரும் அந்தச் சரிவைத்தான் பின்பற்றுகின்றன. அமெரிக்காவும் 1985-இல் .45-ஐ விட்டு 9 மில்லிமீற்றர் பெரெட்டாவுக்குப் போனது.

பிறகு ஏன் 1911 இன்னும் செய்யப்படுகிறது? காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டதால் யாரும் செய்யலாம் என்பது ஒரு காரணம். எந்தப் பிலிப்பைன்ஸைக் காட்டி .45 கேட்டார்களோ, அதே பிலிப்பைன்ஸின் ஆர்ம்ஸ்கோர் தொழிற்சாலை இன்று ஏராளமாக 1911-களைச் செய்து அமெரிக்காவுக்கே விற்கிறது. மற்றக் காரணம் விசை. ஹை-பவரின் விசை இழுப்பு ஸ்லைடுக்குள் இருக்கும் ஒரு நெம்பைச் சுற்றிப் போகிறது. ரவைக்கூடு இல்லாவிட்டால் சுடாமல் தடுக்கும் பாதுகாப்புத் துண்டும் அதோடு உரசும். 1911-இன் விசை அச்சில் சுழலாமல் நேராகப் பின்னால் போகும். ரவைக்கூட்டின் இரு பக்கமும் வளைந்து செல்லும் ஒரு தகட்டுச் சட்டம் அதை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இழுப்பு குறுகியது, ஒரே சீரானது. இலக்கைச் சுடும் போட்டிக்காரர்கள் நூறு வருடம் கழித்தும் அதைக் கைவிடாமல் இருப்பது அந்தத் தகட்டுச் சட்டத்துக்காகத்தான்.