வேற்றுலக சிக்னல் தேட எஸ்டிஆர் டாங்கிள்: நீண்ட நாள் பயன்படுத்திய பிறகு

"வேற்றுக்கிரக சிக்னல் தேட இந்த யூஎஸ்பி எஸ்டிஆர் டாங்கிள் போதுமா, வாங்கலாமா?" என்று நண்பர் கேட்டார். கணினியில் செருகினால் ரேடியோ அலைகளைப் பிடித்துத் தரும் சின்னக் கருவி இது. 8 பிட் துல்லியம், ஒரே நேரத்தில் 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலம், டிவி பார்க்கச் செய்த சிப் என்பதெல்லாம் தெரிந்த கதை. அதனால் நேராக என் புகாருக்கு வருகிறேன். இது சூடாகிறது. சூடானால் அதிர்வெண் நகர்கிறது.

எஃப்எம் கேட்பவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. நமக்கு இதுதான் எல்லாமே. நாம் தேடுவது சில ஹெர்ட்ஸ் அகலமே உள்ள ஒரு கூர்மையான கோடு. இயற்கை அவ்வளவு குறுகலாக ஒலிபரப்புவதில்லை. வானத்திலிருந்து வருவதாக இருந்தால், பூமி சுழல்வதால் அந்தக் கோடு மெதுவாக நகரும். நான் தேடும் 1420 மெகாஹெர்ட்ஸில் (ஹைட்ரஜனின் அதிர்வெண்) அது அதிகபட்சம் நொடிக்கு 0.16 ஹெர்ட்ஸ். ஆடாமல் அசையாமல் நின்றால் அது நம் வீட்டுச் சரக்கு. தேடுகிறவர்கள் கையில் எடுக்கும் முதல் சல்லடை இதுதான்.

அந்தச் சல்லடையைத்தான் டாங்கிள் கிழித்துவிடுகிறது. 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) டிசிஎக்ஸ்ஓ, அதாவது வெப்பத்துக்கு ஈடுசெய்யும் கடிகாரம், என்று பெருமையாகப் போட்டிருக்கிறார்கள். இந்த அதிர்வெண்ணில் 1 பிபிஎம் என்றால் 1420 ஹெர்ட்ஸ். அதில் பாதி நகர்ந்தாலும், பூமி ஒரு மணி நேரத்தில் செய்வதை விட அதிகம். வாட்டர்ஃபாலில் (நேரப்படி அதிர்வெண்களைக் காட்டும் திரைப்படத்தில்) பளிச்சென்று ஒரு கோடு விழும், அழகாக வளைந்து இறங்கும். டிஷ்ஷை வேறு பக்கம் திருப்பினாலும் அப்படியே இருக்கும். மானிட்டர் அடாப்டரைப் பிடுங்கினால் போய்விடும். அடாப்டரின் இரைச்சலை வளைத்துக் காட்டியது டாங்கிளின் சூடு.

குறுக்கீடு எல்லோருக்கும் உண்டு, இதை மட்டும் திட்டுவது நியாயமில்லை. 2019இல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கி பிராக்சிமா சென்டாரி விண்மீனை நோக்கியிருந்தபோது 982 மெகாஹெர்ட்ஸில் ஒரு கோடு கிடைத்தது. நகரவும் செய்தது. அதே மாதிரி நகரும் கோடுகள் வேறு அதிர்வெண்களிலும் இருந்ததைக் கண்டுபிடித்து, மனிதக் கருவிகளின் குறுக்கீடுதான் என்று 2021இல் முடிவு சொன்னார்கள். ஆனால் அவர்களால் அப்படி ஒப்பிட முடிந்ததே, நம்பத்தக்க கடிகாரம் இருந்ததால்தான்.

1977 ஆகஸ்ட் 15 அன்று அமெரிக்காவின் ஒஹாயோவில் பிக் இயர் ரேடியோ தொலைநோக்கி பிடித்த, வேற்றுலகத்தினுடையதோ என்று பேசப்பட்ட வாவ் சிக்னல் 72 நொடி பதிவானது, பிறகு வரவே இல்லை. அப்படி ஒன்று நாளைக்கு என் டிஷ்ஷுக்குள் விழுந்தால், இந்த டாங்கிளின் பதிவை வைத்து யாரிடமும் எதையும் நிரூபிக்க முடியாது. என் கோபம் முழுக்க இதில்தான்.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். பழைய வைஃபை கிரிட் டிஷ், ஃபில்டர் உள்ள ஒரு எல்என்ஏ (இரைச்சல் குறைந்த பெருக்கி), இவற்றோடு இதே டாங்கிளை மாட்டிச் சில நிமிடங்கள் சராசரி எடுத்தால், பால்வீதி தலைக்கு மேல் வரும்போது 1420.4 மெகாஹெர்ட்ஸில் ஒரு மேடு எழும்புகிறது. நடுநிலை ஹைட்ரஜன்! சில திசைகளில் மேடு இரண்டாகப் பிரியும், வெவ்வேறு வேகத்தில் போகும் சுருள் கரங்கள். இங்கே 1 பிபிஎம் பிழை என்பது வேகக் கணக்கில் நொடிக்கு 0.3 கிலோமீட்டர்தான், ஹைட்ரஜன் மேகங்கள் போகும் வேகமோ பல பத்து கிலோமீட்டர். இயற்பியலாளர்கள் கொக்கோனியும் மாரிசனும் வேற்றுலக சிக்னலுக்காக 1959இல் தேடச் சொன்ன அலைவரிசை இது. அடுத்த ஆண்டே வானியலாளர் டிரேக் அமெரிக்காவின் கிரீன் பேங்கின் 26 மீட்டர் டிஷ்ஷை டௌ செட்டி, எப்சிலான் எரிடானி என்ற விண்மீன்கள் பக்கம் திருப்பிக் கேட்டதும் இங்கேதான். அந்த மேட்டை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்குப் புல்லரித்துவிட்டது, இன்றைக்கும் அலுக்கவில்லை.

உலோகப் பெட்டியும் ஹீட் சிங்கும் ஓரளவு உதவும். அரை மணி நேரம் ஓடவிட்டு அப்புறம் பதிவைத் தொடங்குங்கள். அப்போதும் ஃபேன் காற்று பட்டால் கோடு ஆடும். என்னுடையதில் வெளிக் கடிகாரம் இணைக்க வழியே இல்லை.

மதிப்பெண் 5க்கு 2. ஹைட்ரஜன் மேடு தெரிந்த இரவில் கேட்டிருந்தால் 4 கொடுத்திருப்பேன், ஆனால் நேற்றும் அந்தக் கோடு வளைந்தது. நண்பருக்கு என் பதில்: வேண்டாம். 10 மெகாஹெர்ட்ஸ் கடிகார உள்ளீடு உள்ள ரிசீவருக்குக் காசு சேருங்கள். டிஷ்ஷையும் எல்என்ஏவையும் இப்போதே வாங்கலாம், அவை அதற்கும் ஆகும்.