சபா நாடகமா, நவீன நாடகமா?

இந்த வருஷம் சென்னையில் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். சபா என்கிற கலை மன்றங்களின் மேடையில் நடக்கும் சபா நாடகத்துக்கு வசனம்தான் உயிர். மேலிருந்து தொங்கும் மைக்குக்குக் கீழே வந்து நின்று பேசுவார்கள். கைதட்டல் அடங்கும்வரை அடுத்த வசனம் காத்திருக்கும். அப்பா அம்மாவோடு போக இதுதான் சரி.

நவீன நாடகம் உடம்பால் பேசுகிறது. 1977இல் நாடகாசிரியர் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழு, தெருக்கூத்திலிருந்து நிறைய எடுத்துக்கொண்டது. அந்தப் பயிற்சியின் சாயலைப் பல குழுக்களில் இன்றும் பார்க்கலாம். ஒரு சின்ன அரங்கில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நடிகை தண்ணீர்க் குடம் தூக்கினார். கையில் குடமே இல்லை, ஆனால் அதன் கனம் அவர் கழுத்து நரம்பில் தெரிந்தது. கதை முழுசாகப் புரியவில்லை. அப்புறம் வீட்டுக்கு வந்தும் அந்தக் கழுத்துதான் கண்ணில் நின்றது. ஒரு மாலைதான் கையில் இருக்கிறது என்றால், நான் இதற்குத்தான் போவேன்.