ஆல்ப்ஸின் இரு கடுகுச் செடிகள்: வெள்ளை அராபிஸா, மஞ்சள் டிராபாவா?

கடுகுப் பூவை ஒருமுறை உற்றுப் பார்த்தவருக்கு இந்த இரண்டு மலைச்செடிகளின் குடும்பத்தை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சிலுவைபோல் எதிரெதிரே அமைந்த நான்கு இதழ்களும், நான்கு நீளமாகவும் இரண்டு குட்டையாகவும் நிற்கும் ஆறு மகரந்தத் தாள்களும் நம் வயல் கடுகில் உள்ளவாறே இவற்றிலும் உள்ளன. வெண்பூ பூக்கும் அராபிஸ் ஆல்பினா, மஞ்சள் பூ பூக்கும் டிராபா ஐசோய்டிஸ் ஆகிய இரண்டும் ஆல்ப்ஸ் மலையின் சுண்ணாம்புப் பாறைப் பகுதிகளில் வளர்பவை. இருந்தும், மலைக்குளிரை இவை எதிர்கொள்ளும் முறைகள் வெகுவாக வேறுபடுகின்றன.

டிராபாவின் வழி ஒடுங்கி நிற்பது. விறைப்பான, குறுகிய இலைகள் நெருக்கமாக அடுக்கப்பட்டு, விரற்கடை உயரமுள்ள சிறு மெத்தையாக அது பாறை இடுக்கில் அமர்ந்திருக்கும். இலை விளிம்புகளில் வெண்ணிற முட்மயிர்கள் வரிசையாக நிற்கும். இந்த மெத்தை வடிவம் காற்றின் வேகத்தைத் தணித்து வெயிலின் வெப்பத்தைத் தனக்குள் தேக்கிக்கொள்வதால், பனி விலகிய சில நாட்களிலேயே செடி பூத்துவிட முடிகிறது. ஆங்கிலத்தில் இவ்வினத்துக்கு வழங்கும் பெயர் நகச்சுற்றைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. முற்காலத்தில் அந்நோய்க்கு இது மருந்தாகக் கருதப்பட்டதே அதற்குக் காரணம்.

அராபிஸோ பரவி வாழ்வது. ஈரம் தங்கும் சரளைச் சரிவுகளிலும் ஓடைக்கரைகளிலும் அது தளர்ந்து படர்ந்து, கிளைகளை ஆங்காங்கே வேரூன்றச் செய்து, 40 சென்டிமீட்டர் வரைகூட உயரும். பல்விளிம்புள்ள இலைகளில் நட்சத்திர வடிவ மயிர்கள் அடர்ந்திருப்பதால் செடி சற்றே சாம்பல் பூத்தாற்போல் தோன்றும். காய்களைப் பார்த்தால் குழப்பமே எழாது: அராபிஸின் காய் நீண்டு மெலிந்தது, டிராபாவினுடையது தட்டையாகவும் குட்டையாகவும் இருப்பது.

அராபிஸின் உண்மையான வியப்பு அதன் பூக்கும் ஒழுங்கில் இருக்கிறது. ஜெர்மனியின் கொலோன் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் பயிர் ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வு, பெப்1 என்ற மரபணு பூப்பதைத் தடுத்து நிறுத்துகிறது என்றும், நீண்ட குளிரில் அந்தத் தடை தளர்கிறது என்றும் காட்டியது. ஓராண்டுச் செடியான அராபிடாப்சிஸில் இதே பணியைச் செய்யும் மரபணு, குளிரால் அடங்கியபின் அச்செடியின் வாழ்நாளில் மீண்டும் எழுவதில்லை. செடி ஒரே மூச்சில் பூத்துக் காய்த்து மடிகிறது. அராபிஸ் ஆல்பினாவில் வெப்பம் திரும்பியதும் பெப்1 மறுபடி விழித்துக்கொள்வதால், குளிரின்போது பூக்கத் தொடங்கிய கிளைகள் மட்டும் காய்த்து முடிய, மற்ற கிளைகள் இலைவிட்டு அடுத்த குளிர்காலத்துக்காகக் காத்திருக்கின்றன. பல்லாண்டு வாழ்வின் கணக்கு ஒரு மரபணுவின் உறக்கத்திலும் விழிப்பிலும் இவ்வளவு தெளிவாக வெளிப்படுவது என்னை இன்றும் நெகிழவைக்கிறது. இந்த ஒன்றுக்காகவே, ஆய்வுக்கு உகந்த செடி எது என்று கேட்டால் தயங்காமல் அராபிஸையே சொல்வேன்.

பாறைத் தோட்டத்துக்கு என்றால் என் தேர்வு மாறும். கல்தொட்டியிலோ பாறைப் பிளவிலோ வைக்க டிராபாவே சிறந்தது. அது தன் இடத்தைத் தாண்டிப் பரவி அண்டைச் செடிகளை நெருக்காது. ஆனால் வேரடியில் நீர் தேங்கவே கூடாது, சரளை கலந்த மண் வேண்டும், குறிப்பாகக் குளிர்கால ஈரம் ஆகாது. அகன்ற சரிவை மூட வேண்டுமானால் அராபிஸ் போதும், அவ்வப்போது வெட்டிவிடும் பொறுமை இருந்தால்.

பிரிட்டனில் இரண்டும் இயல்பாக வளரும் இடங்கள் இந்த வேறுபாட்டை இன்னும் கூர்மையாக்குகின்றன. டிராபா அங்கே தெற்கு வேல்ஸின் கோவர் தீபகற்பத்தில், கடலை நோக்கிய சுண்ணாம்புப் பாறைகளில் மட்டுமே காணப்படுகிறது. மலைச்செடி எனப்படும் இதற்குத் தேவை உயரம் அன்று, மற்ற செடிகளின் நெருக்கடி இல்லாத வறண்ட பிளவு என்பதை அந்த இடமே சொல்கிறது. அராபிஸ் 1887-இல் ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில், கூலின் மலைத்தொடரில் கண்டறியப்பட்டது. இன்றும் அந்த நாட்டில் அது அங்குள்ள சில பாறைத் திட்டுகளில் மட்டுமே வாழ்கிறது. கிளிமஞ்சாரோ வரை பரவிய செடிதான் அது என்றாலும், கூலினின் மிக உயர்ந்த சிகரமே 992 மீட்டர்தான்; வெப்பம் கூடினால் அங்குள்ள செடிகள் மேலேறிப் போக இடமில்லை. ஆகவே காப்பவர் கவனம் முதலில் செல்ல வேண்டியது கோவரின் மஞ்சள் பூவைவிட ஸ்கையின் வெண்பூவுக்கே என்று நான் கருதுகிறேன்.