சந்தூர்த் தோப்பில் ஏ.டி.வி.: 28 பி.எஸ்.ஐ. காற்றும் எதிர்வாடைப் பஞ்சர் கடையும்

டயரில் 5 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் இருக்க வேண்டிய ஏ.டி.வி.க்கு (பைக் போல ஹேண்டில் பிடித்துக் கரடுமுரடான தடத்தில் ஓட்டும் நாலு சக்கர வண்டி) 28 அடித்து அனுப்பியிருந்தார்கள். இந்தக் கிருஷ்ணகிரிப் பயணத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான். மற்றதெல்லாம் நல்லபடியாகவே நடந்தது, அதை எழுத ஒன்றுமில்லை.

சித்தி பையனுக்குச் சந்தூர் பக்கம் மாந்தோப்பு. பாதி பெங்களூரா, மீதி செந்தூராவும் நீலமும். தோப்பை ஒட்டிக் கரடு ஏறுகிறது. அதில் பட்டா நிலத்துக்குள்ளேயே பழைய வண்டித் தடம் ஒன்று மேலே வரை போகும். மருந்து டிரம்மைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசை வரிசையாகப் போகவும், ஞாயிற்றுக்கிழமை கரட்டில் ஓட்டிப் பார்க்கவும் ஒரு சின்ன ஏ.டி.வி. வாங்கலாம் என்று அவனுக்கு ரொம்ப நாளாக ஆசை. அமெரிக்காவில், மிச்சிகனில் நாங்கள் ஹோண்டா ரான்ச்சர் 420 வைத்திருக்கிறோம். கோடையில் வடக்கே பைன் காட்டு மணல் தடங்களில் ஓட்டப் போவோம். அதனால், "அக்கா, நீ வந்து ஓட்டிப் பார்த்துச் சொல்லு, அப்புறம் பணம் கட்டுறேன்" என்று காத்திருந்தான்.

நாள் வாடகைக்கும் விடுகிற, பிடித்தால் விற்கவும் செய்கிற ஓர் இடத்தில் பேசி, இரண்டு வண்டிகளை டாடா ஏஸில் ஏற்றித் தோப்புக்கே வரவழைத்தான். இரண்டும் சீன வண்டிகள். ஒன்று 125 சிசி, செயின் இழுவை, பின் சக்கரம் இரண்டுக்கும் ஒரே அச்சு. இன்னொன்று 200 சிசி வகை, ஸ்கூட்டர் போலப் பெல்ட்டில் ஓடும் ஆட்டோமேட்டிக். இறக்கி வைத்த பையனிடம் டயர் காற்று எவ்வளவு என்று கேட்டேன். கேட்டது நான், அவன் பதில் சொன்னது தம்பியைப் பார்த்து: "ஃபுல்லா அடிச்சிருக்கு சார், டைட்டா இருக்கும்." எவ்வளவு என்று மறுபடி கேட்டதும் டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருந்த எண்ணைக் காட்டினான்.

அந்த எண் ஓட்டுவதற்கானது இல்லை. டயரை ரிம்மில் மாட்டும்போது அதன் விளிம்பு போய் உட்காருவதற்கு அதிகபட்சம் இவ்வளவு அடிக்கலாம், அதற்கு மேல் போகாதே என்கிற எச்சரிக்கை. ஓட்டும்போது வைக்க வேண்டிய அளவு வண்டியின் மட்கார்டிலோ சீட்டுக்கு அடியிலோ ஸ்டிக்கரில் இருக்கும். பெரும்பாலான ஏ.டி.வி.களுக்கு அது 4 முதல் 7 பி.எஸ்.ஐ.தான். இந்த இரண்டு வண்டிகளிலும் ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வாடகைக் கடையின் போன் நம்பரை ஒட்டியிருந்தார்கள்.

ஓட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். இந்த வண்டிகளுக்கு டயர்தான் பாதி சஸ்பென்ஷன். காற்றுக் குறைவாக இருந்தால் அகன்ற ரப்பர் கல்லின் மேல் படிந்து, அதைக் கவ்விக்கொண்டு ஏறும். 28 அடித்தால் டயர் நடுவில் உப்பி, ஒரு கைப்பிடி அகலம்தான் தரையைத் தொடும். கரட்டில் கிடப்பதோ உருட்டுச் சரளை. 125-ஐ எடுத்துக்கொண்டு முதல் வளைவு ஏறும்போதே முன் சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் எகிறிக் குதித்தது. கட்டைவிரலால் அழுத்தும் ஆக்சிலரேட்டர் என்பதால், கை அதிரும்போது விரலும் சேர்ந்து அழுத்தும். நான் கொடுக்காமலேயே வண்டி இழுத்தது. கூடவே அது இடது பக்கமாகப் பிடித்துக்கொண்டே போனது. பாதியில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பின்னால் உருட்டிக்கொண்டு இறங்கினேன்.

பையனுக்கு எரிச்சல். "டூரிஸ்ட் எல்லாம் இதுலதான் சார் ஓட்டுறாங்க, யாரும் ஒண்ணும் சொன்னதில்ல." அந்த டூரிஸ்டுகளை நானும் பார்த்திருக்கிறேன். அப்பா முன்னால், பின்னால் குழந்தை, அதற்கும் பின்னால் அம்மா. ஒருவருக்காகச் செய்த வண்டி அது. ஓட்டுகிறவர் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகர்ந்து எடையை மாற்றித்தான் அதைக் கவிழாமல் வைத்திருக்க முடியும். பின்னால் ஆள் உட்கார்ந்தால் நகர இடமே இல்லை. மிச்சிகனில் ஹெல்மெட் இல்லாமல் தடத்தில் இறங்க முடியாது. 16 வயதுக்குக் கீழே என்றால் பாதுகாப்புச் சான்றிதழும் கூடவே ஒரு பெரியவரும் வேண்டும். இங்கே கொடுத்த ஹெல்மெட்டில் பக்கிள் இல்லை, வாரை முடிச்சுப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். விழுந்தால் ஓசூருக்கோ பெங்களூருக்கோ ஆம்புலன்ஸில் போகப்போவது அவர்கள் இல்லையே. எனக்கு அந்த இடத்திலேயே நல்ல கோபம்.

தோப்பு வாசலுக்கு எதிர்வாடையில் ஒரு பஞ்சர் கடை. நான் இதே தோப்பில் டிவிஎஸ் 50 ஓட்டப் பழகிய காலத்திலிருந்து இருக்கிறது. ஓசூரில் செய்த அந்த வண்டிதான் அப்போது எங்கள் எல்லாருக்கும் கரடு ஏறும் வண்டி. இரண்டு பக்கமும் மாங்காய்க் கூடை கட்டிக்கொண்டு வரப்பிலேயே போவார்கள். கடைக்காரருக்கு இப்போது தலை முழுக்க நரைத்துவிட்டது. வண்டியை உருட்டிக்கொண்டு போய் நிறுத்தினோம்.

கேஜை வைத்துப் பார்த்தார். முன்னால் ஒன்று 28, இன்னொன்று 22. இடது பக்கம் இழுத்ததற்குக் காரணம் தெரிந்துவிட்டது. 5-க்கு இறக்க வேண்டும் என்றேன். அவர் கேஜில் 10-க்குக் கீழே கோடே கிடையாது. ஊரில் எந்தக் காற்றுக் கடையிலும் அப்படித்தான் இருக்கும், லாரிக்கும் பைக்குக்கும் அது போதும். எதற்கு இவ்வளவு குறைவு என்று கேட்டார். கல் மேல் படிந்து போக வேண்டும் அண்ணா என்றேன். "அட, இவ்வளவுதானா ம்மா? ட்ராக்டர் உழவுக்குப் போனா காத்த இறக்குவோம், டிரெய்லர் மாட்டி மண்டிக்குப் போனா ஏத்துவோம். அதே கணக்குதான்" என்றார்.

அதற்கு மேல் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டியூபில் ஓட்டையைக் குறிக்க வைத்திருக்கும் சாக்பீஸை எடுத்து, டயரின் குறுக்கே இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பட்டையாக ஒரு கோடு போட்டார். என்னை வண்டி மேல் உட்காரச் சொன்னார், ஓட்டுகிறவர் எடையும் சேர வேண்டுமாம். கடை முன்னால் இருந்த சிமெண்ட் தரையில் தம்பி ஒரு சுற்று தள்ளினான். கோடு நடுவில் மட்டும் அழிந்து, இரண்டு ஓரத்திலும் வெள்ளையாக நின்றது. வால்வை அமுக்கிக் கொஞ்சம் காற்று விட்டார். மறுபடி கோடு, மறுபடி தள்ளல். ஓரம் வரைக்கும் ஒரே சீராக அழிகிற வரை விடவில்லை. அதன் பிறகு ஒரு சணல் நூலை எடுத்து வலது டயரைச் சுற்றி அளந்து, முடிச்சுப் போட்டு, அதே நூலை இடது டயரில் சுற்றினார். அரை விரல் வித்தியாசம் வந்தது. அதையும் சரிசெய்தார். ஏ.டி.வி. கையேடுகளிலேயே, இரண்டு பக்க டயரின் சுற்றளவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று போட்டிருக்கும். பின் அச்சு ஒரே கட்டையாக இருக்கும் வண்டியில் சுற்றளவு மாறினால், நேராகப் போவதற்கே ஹேண்டிலோடு மல்லுக்கட்ட வேண்டும். இவர் அந்தக் கையேட்டைப் பார்த்ததே இல்லை. இரண்டு வண்டிக்கும் சேர்த்து எண்பது ரூபாய் வாங்கிக்கொண்டார். மிச்சிகனில் டீலரிடம் விட்டால் முதலில் அப்பாயிண்ட்மெண்ட், வேலைக்கு மணிக்கணக்கில் கூலி. இந்தக் கவனம் அங்கே எனக்கு ஒரு தடவைகூடக் கிடைத்ததில்லை.

திரும்பக் கரட்டில் ஏறினோம். அதே 125, அதே சரளை. குதிப்பு நின்றுவிட்டது, இழுப்பு போய்விட்டது, உச்சி வரை போனோம். அங்கிருந்து பார்த்தால் தோப்புகளாகவே விரிந்து கிடக்கிறது. இந்த வெயிலையும் காற்றில் வரும் மாம்பால் வாசனையையும் மிச்சிகன் தடங்களில் எங்கே போய்த் தேடுவது?

இனி வண்டிகளைப் பற்றி, தம்பிக்குச் சொன்னதையே எழுதுகிறேன். காற்று சரியானதும் 125 ஏறுகிறது, ஆனால் லோ கியர் இல்லை. மருந்து டிரம்மோடு மேட்டில் நின்றுவிட்டால் மறுபடி கிளம்பத் திணறும். 200-ல் இழுவை பரவாயில்லை. இறக்கத்தில்தான் பயம். ஆக்சிலரேட்டரை விட்டதும் கிளட்ச் விட்டுப்போய், எஞ்சின் பிடிப்பே இல்லாமல் வண்டி தானாக உருளும். கரட்டில் இறங்க பிரேக்கை மட்டும் நம்புவது சரியில்லை.

எங்கள் ரான்ச்சரில் காலால் கியர் மாற்ற வேண்டும், கிளட்ச் தானியங்கி. இறக்கத்தில் ஒன்றாம் கியரில் விட்டால் நடக்கும் வேகத்தில் இறங்கும். டூவீல் டிரைவ் மாடல் 230 கிலோ அளவுக்குத்தான் இருக்கும், கவிழ்ந்தால் இரண்டு பேர் நிமிர்த்திவிடலாம். அதைவிடச் சின்னது ஹோண்டா ரீகான் 250: உண்மையில் 229 சிசி, காற்றில் குளிரும் எஞ்சின், செயின் இல்லாமல் ஷாஃப்ட், ஃபோர்வீல் டிரைவ் கிடையாது. தோப்பு வேலைக்கு அதுவே எனக்கு ரொம்பப் பிடித்தது. யமஹா கோடியாக் 450 பெல்ட் வண்டிதான், ஆனாலும் இறக்கத்தில் எஞ்சின் பிடிப்பு நன்றாக இருக்கும், லோ கியரும் உண்டு. எடை 300 கிலோவை நெருங்கும். போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 570 கல்லில் சொகுசு, பின் சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும். அகலம் 48 அங்குலம். மிச்சிகனில் குறுகலான தடங்களுக்கு 50 அங்குலம்தான் வரம்பு, அதில் தப்பிவிடும். தம்பியின் மரவரிசைக்கு அகலம் பிரச்சினை இல்லை, கரட்டின் பாறை இடுக்கில் மட்டும் பார்த்துப் போக வேண்டும். அந்த 570-ஐத்தான் இந்தியாவில் ட்ராக்டராகப் பதிவு செய்து ரோட்டில் ஓட்டும்படி விற்றார்கள். வாடகைக்கு வந்த சீன வண்டிகளை ரோட்டில் இறக்கவே கூடாது, பதிவு இல்லை.

இன்னொன்று. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் காட்டுக்குள் கூட்டிப்போகிறோம் என்று யாராவது சொன்னால் போகாதீர்கள். காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் 2014-லிருந்து அங்கே இருக்கிறது, யானைத் தடம் அது. பட்டா நிலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

125-ஐயும் 200-ஐயும் சாயங்காலமே திருப்பி அனுப்பிவிட்டோம். ஏற்ற வந்த பையன் டயரைக் கையால் அமுக்கிப் பார்த்து, "காத்து இறங்கிடுச்சே சார்" என்று கம்ப்ரஸரைத் தேடினான். தம்பி அவனை எதிர்வாடைக்குக் கூட்டிப்போய்ச் சாக்பீஸ் கோட்டைக் காட்டினான். பொறுமையாகப் பார்த்துக்கொண்டான், முதலாளியிடம் சொல்கிறேன் என்றான். 10 பி.எஸ்.ஐ.க்குக் கீழே காட்டும் கேஜ் ஒன்றைப் பஞ்சர் கடை அண்ணாவுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன். தம்பி இப்போதைக்குப் பழைய 570 ட்ராக்டர் மாடல் தேடுகிறான். ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் ஆர்.சி.யோடு, ஸ்டிக்கர் கிழிக்காமல் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.